சந்தனம் வைத்த ஃபிளாப்பிகள்

அன்பு மாறாத காதர் அண்ணனுக்கு,

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. போனவரிடம் என்ன சண்டை என்பார்கள். போடத்தான் போகிறேன், அதுவும் நாலு பேர் கேட்க.

நம் தொண்டு அலுவலகத்துக்கு அந்த ஒற்றைக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நீங்கள் ஓதிக்கொண்டிருந்தது ஒன்றுதான். பழைய பட்டியல் மேல் புதியதை எழுதாதே. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபிளாப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிணறுகளுக்கு மழைக்குப் பின் ஒரு சுற்று, கோடையில் ஒரு சுற்று என்று சைக்கிளில் போய்த் தண்ணீர் பிடித்து வந்தீர்கள். பிள்ளைகள் பல்லில் காவி ஏற்றி, பெரியவர்கள் முட்டியை மடக்க விடாத ஃபுளோரைடு கோடையில்தான் சுயரூபம் காட்டியது. மழையில் தேறிய ஒன்பது கிணறுகள் கோடையில் தேறவில்லை.

அந்தக் கோடைக் கணக்கை ஃபிளாப்பியில் ஏற்றியது நான். அச்செடுக்க பிரிண்டருக்கு ரிப்பன் வருமென்று காத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைத்தபோது பரிசோதனைச் சீட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அதுதான் ஃபிளாப்பியில் இருக்கிறதே, நகலும் இருக்கிறதே என்ற தைரியம். அசலையும் நகலையும் ஒரே தாம்பாளத்தில் அடுக்கினேன். உறையின் நடுவே, உள்ளே பதிவுத் தட்டு தெரிய, நீளமாக ஒரு திறப்பு இருக்குமே, பொட்டுக்கென்றே வெட்டிவிட்டது போல? அங்கேயே ஈரச் சந்தனம், மேலே குங்குமம்.

நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். கை முன்னால் வந்தது, பிறகு பின்னால் போய்விட்டது. பொரி வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள்.

இரண்டு நாள் கழித்துப் போட்டால், மெஷின் ஒரு ஃபிளாப்பியைக்கூடப் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று உங்களிடம் அழுதேன்.

"நான் சொன்னா அது ஃபிளாப்பியப் பத்தின பேச்சா இருக்காதும்மா. பாய் பூஜையத் தடுத்தாருன்னு ஆயிரும்."

எத்தனை வருஷம் பக்கத்து நாற்காலி! என்னையும் அப்படித்தான் நினைத்தீர்களா? நினைக்கும்படி நான் எப்போதாவது நடந்தேனா? நடந்திருப்பேனோ?

பொட்டுகளையெல்லாம் நான் துடைத்து வைத்திருந்ததால் செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷின் உங்கள் பொறுப்பு, பழி உங்கள் தலையில் விழுந்தது. வேலை போய்விடுமென்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது கிணறுகளையும் நினைவிலிருந்து சொன்னீர்கள். சீட்டு இல்லாமல் செல்லாது என்றுவிட்டார். மழைச் சுற்றுக்கு முன்பே அச்செடுத்து வைத்திருந்த பழைய பட்டியலே மேலே போனது. கோடையில் மறுபடி எடுத்துவிடலாம் என்றீர்கள். கோடைக்கு முன்பே காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கிணறுகளில் இன்றைக்கும் குடம் இறங்குகிறது. 'நல்ல தண்ணீர்' என்று பலகை வேறு.

நேற்று உங்கள் வீட்டில் உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதினார்கள். உங்கள் வீட்டம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள்.

"ஆபீசுல அவரு கெடுத்ததுக்கு நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கம்மா."

வீட்டில்கூட நீங்கள் சொல்லவில்லை. என்ன மனுஷன் நீங்கள்?

கோடை வந்துவிட்டது. எனக்குச் சைக்கிள் வராது. நடந்தே போய் ஒன்பதிலும் தண்ணீர் பிடிப்பேன். இனி ஒரு சீட்டும் வெளியே போகாது. நகல் வேறு ஊரில், வேறு கூரையின் கீழ் இருக்கும். ஆனால் அதற்கு முன், நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்குப் போய், கெடுத்தது நான்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்ச் சோறு உண்டா என்று தெரியவில்லை.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
வசந்தா