சுடாத கை

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
8-1-2024

என் அக்கா பெத்த தங்கம் கோகிலாவுக்கு,

மலை மேலேயிருந்து உன் மாமன் சின்னராசு எழுதுவது. இங்கே நான், உன் அத்தை கண்ணாயி, ரெண்டு மாடு, ஒரு நாய் அத்தனை பேரும் சொகம். நீ அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சு வேலைன்னு ஆபரேசன் ரூமிலேயே நின்னு நின்னு காலைக் கெடுத்துக்காதே.

போன் போடலைன்னு கோவிச்சுக்காதே சாமி. டவர் வேணும்னா ரோட்டு வளைவு வரைக்கும் நடக்கணும். நடந்து போனாலும் இந்தத் தொடுற போன் என் விரலை மதிக்க மாட்டேங்குது. போன வாரம் உனக்குப் போடறதா நெனச்சு வி.ஏ.ஓ.வுக்குப் போட்டு, "சாப்பிட்டயா கண்ணு"ன்னு கேட்டுட்டேன். அந்த மனுசனும் "சாப்பிட்டேனுங்க"ன்னார். அதான் கடிதாசி.

முக்கியமான சேதி ஒண்ணு. உன் மாமன் வலது கையை இப்போ நெருப்பு சுடறதில்லை. பக்கத்து ஊட்டுக் குழந்தைவேலு இருக்கான்ல, அவன் பீடிக்கு நெருப்புக் கேட்டான். அடுப்பில இருந்து கங்கை வெறுங்கையால எடுத்து நீட்டினேன். அவன் பீடியே கீழே விழுந்துருச்சு. அப்புறம் கிழங்கு வேகிற பானையை ஒரு துணி இல்லாம இறக்கினேன். நூறு பேர் பாத்தாங்க. சரி, ஒரு முப்பது பேர். நம்ம நாட்டிலேயே இப்படி ஒரு கை யாருக்கும் இல்லையாம். வேலியில முள்ளு குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தினதே தெரியுது. அவ்வளவு உறுதி.

விடியக்காலையில மட்டும் அந்தக் கை கொஞ்சம் முரண்டு பண்ணும். மணிக்கட்டுல இருந்து தோள் வரைக்கும் கரண்டு பிடிச்ச மாதிரி இழுக்கும். நல்லா உதறினா அடங்கிரும். சட்டைப் பித்தானை இப்ப உன் அத்தைதான் போட்டு விடறா. அது அவளுக்கு என் மேல உள்ள ஆசை. கட்டைவிரல் அடியில சதை மேடு கொஞ்சம் வத்தியிருக்கு. வயசானா சிங்கத்துக்கும் வத்தும். நீ வரும்போது வலிக்குத் தடவற பச்சைத் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா.

மிளகு செவக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வாரம் ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்த வேண்டியதுதான். மிளகுக்கொடி படர்ந்த அம்பது அடி மரத்துல ஒரே மூங்கில் கணுவில கால் வெச்சு ஏற, இந்த ஊர்ல என்னை விட்டா ஆள் ஏது?

இப்படிக்கு உன் தாய்மாமன்
எஸ். சின்னராசு (அஞ்சாம் கிளாஸ் பாஸ்)


கோயம்புத்தூர்
16-1-2024

அன்புள்ள மாமா,

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை வைத்த பொங்கலை நினைத்துக்கொண்டே கேன்டீன் பொங்கலைச் சாப்பிட்டேன். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. வி.ஏ.ஓ. கதையை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அடுத்த பாராவைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா, அது உறுதி இல்லை. உங்கள் கைக்கு உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது.

மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதற்குள்தான் விரல்களுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. மேலே இருக்கிற பட்டை தடித்து அந்த நரம்பை நசுக்குகிறது. கட்டைவிரல், அதற்கடுத்த ரெண்டு விரல், இவைதானே மரத்துப் போகின்றன? சுண்டுவிரல் நன்றாக இருக்கும். குத்திப் பாருங்கள். வேண்டாம், குத்த வேண்டாம், பஞ்சால் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல் சதை வத்தியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். ரொம்ப நாளாகவே நசுங்குகிறது என்று அர்த்தம். இனியும் தள்ளிப் போட்டால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

தைலம் எதுவும் வேலைக்கு ஆகாது. இங்கே வாருங்கள். என் டாக்டர் நல்லவர். தங்க என் அறை இருக்கிறது. அதுவரை ஏணியில் ஏறாதீர்கள். கங்கைத் தொடாதீர்கள். யார் கேட்டாலும் தொடாதீர்கள்.

உங்கள்
கோகிலா


ஆலத்தூர் நாடு
30-1-2024

கோகிலா கண்ணுக்கு மாமன் எழுதிக்கொள்வது.

உன் கடிதாசியை மூணு தரம் படிச்சேன். ஸ்கூல் பிரிசில்லா டீச்சர்கிட்டயும் குடுத்தேன், எழுத்துப்பிழை ஏதும் இருக்கான்னு பாக்கச் சொல்லி. ஒண்ணும் இல்லையாம். அந்தம்மாவும் "ஆபரேசன் பண்ணிக்குங்க"ன்னுதான் சொல்றாங்க. கீழ்நாட்டுக்காரங்க எல்லாரும் ஒரே கட்சி.

பஞ்சால தொட்டுப் பாத்தேன். அது பஞ்சோட குத்தம்னு நெனைக்கிறேன்.

ஒரு இடத்துல உக்கார முடியல சாமி. காட்டுக்குப் போறேன், பாதியில திரும்பறேன், எதுக்குத் திரும்பினேன்னு தெரியாம மறுபடி போறேன். மாட்டை அவுக்கறேன், கட்டறேன். மாடே என்னைப் பாத்துச் சலிச்சிருச்சு. பண்ணிக்கலாம்னு காலையில முடிவு பண்ணுவேன். சோத்துக்கு உக்காரும்போது வேண்டாம்னு தோணும். குழந்தைவேலு வேற, கத்தி பட்டா நரம்பு சுருண்டுக்கும்னு சொல்றான். அவனுக்கு நரம்புக்கும் நார்க்கயித்துக்கும் வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் சொல்லிட்டான்ல.

எட்டுக்கை அம்மனுக்கு விளக்குப் போட்டேன். "தாயி, உனக்கு எட்டு இருக்கு. எனக்கு வேலைக்காகறது ஒண்ணுதான். நீயே சொல்லு"ன்னு கேட்டேன். பல்லி சத்தம் போட்டுச்சு. கிழக்கே இருந்தா மேற்கே இருந்தான்னுதான் தெரியல. உன் அத்தை கிழக்குங்கறா. அவ உன் கட்சி.

சரி, போறேன். ஆனா கோயமுத்தூருக்கு இல்ல. மருமவ வேலை பாக்கற எடத்துல மாமன் படுத்துக் கெடந்தா உனக்கு மரியாதையா? கீழே பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு ஆளு இருக்கு. பெரிய டாக்டரே நம்ம ஊட்டுத் தேன் வாங்கிச் சாப்பிட்டவர்தான். நான் போனா எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். நீ அலைய வேண்டாம்.

ஏணி விசயம் மட்டும் பேசாதே. மிளகு காத்திருக்காது, கொட்டிரும்.

உன் மாமன்
எஸ். சின்னராசு (அஞ்சாம் கிளாஸ் பாஸ்)


ஆலத்தூர் நாடு
22-2-2024

ஜெயம்!

கோகிலா கண்ணு, ஆபரேசன் முடிஞ்சது. கட்டுப் போட்ட கையை நெஞ்சுல வெச்சுக்கிட்டு இதை இடது கையால எழுதறேன். இடது கையிலயும் எழுத்து எவ்வளவு லட்சணம்னு பாரு.

போனதும் ஆஸ்பத்திரியே எந்திரிச்சு நின்னுச்சு. ஒரு டாக்டர் இல்ல, நாலு டாக்டர். ஒரு கட்டுப் பாரம் கொண்டு வந்து வெச்சாங்க. பதினெட்டு எடத்துல கையெழுத்து. உன் மாமன் பேனாவை எடுத்தான், சர்ரு சர்ருன்னு போட்டான். கவுண்டர்ல இருந்தவர் என் கையெழுத்தைப் பாத்துட்டு, "ஐயா என்ன உத்தியோகம்"னு கேட்டார். விவசாயம்னேன். நம்பவே இல்ல.

அப்புறம் என்னைத் தூங்க வெச்சு நாலு மணி நேரம் அறுத்தாங்க. நாப்பது தையல். உள்ளே இருந்து ஒரு முழம் நரம்பை உருவித் தட்டுல வெச்சுக் காட்டினாங்க. பாம்புக்குட்டி மாதிரி கெடந்துச்சு. நான் கண்ணைக் கூடச் சிமிட்டலை. பெரிய டாக்டர் சல்யூட் வெச்சார். மூணு நாள் படுக்கையில வெச்சு ராஜா மாதிரி கவனிச்சு அனுப்பினாங்க.

இனிமே கவலைப்படாதே. கல்யாணத்துக்கு நல்ல எடமாப் பாரு.

வெற்றி வீரன்
எஸ். சின்னராசு (அஞ்சாம் கிளாஸ் பாஸ்)


கோயம்புத்தூர்
2-3-2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை டியூட்டி முடிந்து பஸ்சில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

இந்த ஆபரேஷனுக்கு வாரத்தில் ரெண்டு மூன்று தடவை நான் பக்கத்தில் நிற்கிறேன். யாரையும் தூங்க வைப்பதில்லை. கையை மட்டும் மரக்க வைப்பார்கள். பதினைந்து, இருபது நிமிடம். பட்டையைப் பிரித்து விடுவார்களே தவிர, எதையும் உருவி எடுப்பதில்லை. அஞ்சாறு தையல். அன்றைக்குச் சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். அப்புறம், உங்கள் இடது கையும் வலது கை மாதிரியே "கோகிலா" என்று எழுதி அடியில் ரெண்டு கோடு போடுகிறது.

எனக்குக் கோபம் இல்லை. ஸ்கூல் ஹாஸ்டலில் இருந்தபோது, மலையில் புலியோடு சண்டை போட்டதாக எழுதுவீர்கள். அழுகையை நிறுத்திவிட்டுப் படிப்பேன். நம் மலையில் புலி கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இது புலி இல்லை. இது உங்கள் கை. ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் போகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கீழே போனீர்களா, போகவில்லையா? போனீர்கள் என்றால் அங்கே என்ன நடந்தது? இந்த ஒரு தடவை ஜோடனை இல்லாமல் எழுதுங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால்தான் இனி நான் பதில் எழுதுவேன்.

கோகிலா


ஆலத்தூர் நாடு
12-3-2024

கோகிலா,

போனது நெசம். சேந்தமங்கலம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ். எனக்கு அங்க யாரையும் தெரியாது. வரிசையில உக்காந்திருந்தேன். டாக்டர் பாத்தார். நீ எழுதினதையேதான் சொன்னார். நாளைக்கே பண்ணிரலாம், பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னார். ஒரே ஒரு பாரம்.

"சி" போட்டேன். பேனா நழுவி விழுந்துச்சு. எடுத்தேன். திரும்ப விழுந்துச்சு. ஊட்டுல நான் பேனாவை முஷ்டியில இடுக்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு நாள்னு எழுதறவன். அங்க பின்னாடி இருபது பேர். இது நெசமா இருபது. கவுண்டர்ல இருந்தவர் திட்டலை, நல்ல மனுசன்தான். "பரவால்லீங்க பெரியவரே, கைநாட்டு வெச்சிருங்க"ன்னு மை டப்பாவைத் திறந்து என் முன்னாடி நகர்த்தினார்.

எங்கப்பன் ஆயுசுக்கும் கைநாட்டு. அஞ்சு வருசம் ஸ்கூலுக்குப் போனதுல எனக்கு மிச்சம் என் பேர் ஒண்ணுதான். இந்த ஊர்ல மனு, கார்டு, எதுலயும் நான் கட்டைவிரலை வெச்சதில்ல.

ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். பஸ் நின்னுட்டிருந்துச்சு, ஏறிட்டேன். உன் அத்தைகிட்ட, ஊசி போட்டுச் சரி பண்ணிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. சனிக்கிழமை ஏணியில பாதி மரத்துல நின்னு, வலது கையால கொடியைப் பிடிச்சுக்கிட்டு இடது கையால மிளகு பறிச்சிட்டிருந்தேன். கீழே இருந்து உன் அத்தை, "ஏனுங்க, எதையும் பிடிக்காம நிக்கறீங்களே!"ன்னு கத்தினா. திரும்பிப் பாத்தேன். கை திறந்து கெடக்கு. பிடிச்சிட்டிருக்கேன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்.

இறங்கிட்டேன். மிச்ச மரத்தைக் குழந்தைவேலு பறிக்கிறான்.

பயமா இருக்கு சாமி.

சின்னராசு


கோயம்புத்தூர்
18-3-2024

மாமா,

இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை. டாக்டரிடம் பேசிவிட்டேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

பேனாவுக்கு எங்கள் வார்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சுற்றிக் கத்திரிக்காய்த் தடிமனுக்குக் கொண்டு வந்தால் முஷ்டியிலேயே நிற்கும். ஒன்று சுற்றி எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரை நான் பக்கத்தில் நிற்பேன். எத்தனை நேரம் ஆனாலும் யாரும் மை டப்பாவைத் திறக்க மாட்டார்கள்.

பயப்படுங்கள், பரவாயில்லை. பஸ்சில் மட்டும் ஏறிவிடுங்கள்.

கோகிலா


ஆலத்தூர் நாடு
16-6-2024

என் குலசாமி கோகிலாவுக்கு,

மாமன் எழுதுவது, வலது கையால. உன் துணி சுத்தின பேனாதான். இந்த ஒரு பக்கம் எழுத ஒரு சாயந்திரம் ஆச்சு.

நீ பக்கத்துலயே இருந்தே, இருந்தாலும் ஊர்ல நான் என்ன சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. யாராச்சும் கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். கையெழுத்துப் போட ஆன ஆறு நிமிசம், இங்க அரை நிமிசம். அஞ்சு தையல், இங்க பதினஞ்சு. அறைக்குள்ள போகும்போது உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டேனே, அது இங்க நடக்கவே இல்ல.

இனி உனக்கு மட்டும் சொல்றது. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் என்னைக் கட்டி மேய்க்க உன் அத்தை பட்டபாடு சொல்லி முடியாது. பாரம் தூக்காதே, மண்வெட்டி தொடாதேன்னு நீ சொன்னதை அவ சாமி வாக்கா எடுத்துக்கிட்டா. நான் ஊட்டுக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் நடந்தே ஒரு தடம் விழுந்துருச்சு. விடியக்காலை வலி தையல் பிரிக்கறதுக்குள்ளயே போயிருச்சு. ஆனா விரல்ல மட்டும் ஒண்ணுமே வரல. பஞ்சு, கோழி இறகு, ஐஸ்கட்டி, எதுக்கும் அசையல. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க, உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் உங்கிட்டச் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் கேட்டுச்சு. உனக்கு எழுதாம இருந்தது அதனாலதான். பொய் எழுத மனசு இல்ல, நெசம் எழுதத் தைரியம் இல்ல.

நேத்துக் காலையில உன் அத்தை காப்பி கொண்டு வந்து வெச்சா. எவர்சில்வர் டம்ளர். எப்பவும் போல வலது கையால வாய்க்கிட்டக் கொண்டு போனேன். பாதி தூரத்துல "ஐயோ"ன்னு கத்தி டம்ளரை விட்டெறிஞ்சேன். காப்பி பூரா நாய் மேல. உன் அத்தை, "என்னங்க ஆச்சு, என்னங்க ஆச்சு"ன்னு ஓடியாந்தா.

சுடுது கண்ணு. நெசமாச் சுட்டுருச்சு.

உன் அத்தை என் விரலைப் பிடிச்சுக்கிட்டு அழுவறா. நான் அவளை இன்னொரு டம்ளர் ஊத்திட்டு வரச் சொன்னேன். தொட்டேன். சுட்டுச்சு. கட்டைவிரல்ல இன்னும் தெரியல, நடுவிரல்ல லேசா. ஆனா ஆள்காட்டி விரல்ல அப்படியே பத்திக்கிட்டு எரியுது. சதை மேடு வத்தினது வத்தினபடிதான் இருக்கு. மேல் பித்தான் இன்னும் உன் அத்தைதான். ஏணியை வர்ற வருசமும் குழந்தைவேலுக்கே விட்டுட்டேன்.

விரல் நுனியில கொப்புளம் கெளம்பியிருக்கு, மிளகு அளவு. இது சத்தியமா மிளகு அளவுதான். காலையில இருந்து ஊடு ஊடாப் போய் எல்லாருக்கும் காட்டிட்டு வந்தேன்.

உன் மாமன்
எஸ். சின்னராசு