கல் தெரிகிற ஒரே படம்

உன் மகள் நேற்று திருச்சானூருக்கு வந்து ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அம்மா பீரோல இருந்துச்சு ஆன்ட்டி. எல்லாம் அந்தப் பார்க் போட்டோதான். யாருக்குத் தர்றதுன்னு தெரியல" என்றாள். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. சிமெண்டு மான்மேல் உட்கார்ந்த குழந்தைகள், முகம் விறைத்த புது ஜோடிகள் என்று எல்லாம் சித்தூரில் நீ வீடு வீடாய் ஏறிக் கேட்டு வாங்கியவை. கடைசிப் படத்தைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் கீழே வைத்துவிட்டேன். எரித்துவிட்டதாக உன்னிடம் நான் சொன்ன படம் அது.

எடுத்தவளே நீதான், உன் அண்ணனின் காமிராவில். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை, வீட்டில் வேண்டாம், பார்க்கில் பேசலாம் என்றான். என் நைனா உன்னைத் துணைக்கு அனுப்பினார். பெஞ்சில் அவன், பக்கத்தில் நான், என் தோளில் அவன் கை. பின்னால், ஊர் ஜனங்களுக்காக அந்த இடத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. "கம்ப்யூட்டர் மாப்ள பக்கத்துல உக்காந்துகினு மூஞ்ச ஏன்டி இப்டி வெச்சிருக்க?" என்று விரட்டினாய்.

போனவனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மறுவருஷம் என்னைத் திருப்பதியில் இவருக்குக் கொடுத்தார்கள். "பொண்ணுக்கு இதான் முதல் வரன்" என்று நைனா இவர் வீட்டில் சொன்னபோது நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

எட்டு வருஷம் கழித்து, பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து நீ வந்தாய். அது பார்க்கே இல்லை, தங்கள் சொந்த மனை என்று காம்ப்ளெக்ஸ் கட்ட வந்தவர்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். கல்வெட்டையும் யாரோ பெயர்த்துவிட்டார்கள். "கல்லுல எழுதினது தெரியறா மாதிரி ஒரே ஒரு போட்டோ வேணும்ன்றாரு நம்ம பக்கத்து வக்கீலு. எங்க தேடியும் கிடைக்கல. உங்கிட்ட ஏதாச்சும் இருக்குமாடி?"

இவர் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை. எந்தப் படம் என்று நீ சொல்லவில்லை. உன் கண் மட்டும் என்னை விடவில்லை.

"பழசெல்லாம் எரிச்சிட்டோம்" என்றேன்.

"சர்லேடி, பரவால்ல."

ஆறிய காபியைக் குடித்துவிட்டு எழுந்தாய். தெருமுனை வரைகூட நான் உன்னோடு வரவில்லை.

கேஸ் தோற்றது. மான் நின்ற இடத்தில் மூன்று மாடி எழும்பி, கீழே செல்போன் கடை வந்தது. அதைத் தாண்டித்தான் நீ தினமும் ஆபீஸ் போனாய். அப்புறமும் என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்தாய், சிரித்தாய், பார்க்கைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தேன்.

நெகடிவ் உன்னிடம் இருக்கும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. என் படம் பெட்டியடியில் அப்படியேதான் இருக்கிறது; கவரில் இருப்பது நீ போட்டெடுத்த பிரதி. அப்படியானால் அன்று நீ கேட்க வந்தது என் சம்மதத்தை. எனக்கு உன்மேல்தான் கோபம் வருகிறது. என்னைக் கேட்காமலே கோர்ட்டில் கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

படத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது இவர் வந்துவிட்டார். மறைக்கத் தோன்றியது, கை வரவில்லை. அதை வாங்கிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு முன்ன வந்த வரன். நைனா பொய் சொன்னாரு. நானும்தான்."

அவர் ஜன்னல் பக்கம் போய்ப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"எழுத்து இவ்ளோ தெளிவா கீதே" என்றார். "அன்னைக்கு அந்தம்மா கேட்டுகினு வந்தது இதத்தானா? குடுத்திருக்கலாமே."

குடுத்திருக்கலாமே என்கிறார், சாதாரணமாக. இருபது வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லடி.