அண்ணன் அனுப்பிய எண்கள்

பிப்ரவரி 9, திங்கள்

வானம் சுத்தம். காற்று இல்லை. மாடியில் காய்ந்த துணியை இருட்டும் முன்பே எடுத்தாயிற்று. இல்லையென்றால் மலைப்பக்கம் பார்க்கவிடாமல் இவர் வேட்டிதான் தொங்கும்.

வால்மீன் மலைக்கு மேல் இரண்டு கை உயரத்தில். வெறும் கண்ணுக்கு இல்லை, பைனாகுலரில் மட்டும். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது மாதிரி ஒரு துணுக்கு. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒளி 6.8. வழக்கமான முறைதான். வால்மீனின் தலை எவ்வளவு கலங்கலாகத் தெரிகிறதோ, பைனாகுலரைத் திருகி நட்சத்திரங்களையும் அவ்வளவு கலங்கலாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். ஒன்றைவிட மங்கல், இன்னொன்றைவிடப் பிரகாசம், நடுவில் ஓர் எண். எண் குறையக் குறைய ஒளி அதிகம். இவருக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்ப முட்டை வாங்குனவதான் கிளாஸ்ல பர்ஸ்டா?" என்கிறார். எல்லா வருடமும் இதே ஜோக்.

எண்ணை மதுரை சாருக்கு அனுப்பினேன். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலை. எல்லாருடைய எண்களையும் சேர்த்து வெளியே அனுப்புவார். பிறகு அண்ணனுக்குப் போன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டு மாடியிலிருந்து அவனும் பார்க்கிறான். குழுவின் விதி, தன் எண்ணை அனுப்பும்வரை அடுத்தவர் எண்ணைக் கேட்கக் கூடாது. கேட்டால் கண் அதைத்தான் பார்க்கும். அவனும் 6.8 அனுப்பியிருக்கிறான். "ஏட்டி, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணுல்லா" என்றான். சந்தோஷமாக இருந்தது.

நாளைக்கு: குக்கர் கேஸ்கட். கம்பெனி ஸ்டோரில் ஆறு இஞ்ச் பேண்டேஜ் ரோல் குறைகிறது, எண்ண வேண்டும். சித்திக்குப் போன்.

பிப். 10, செவ்வாய்

மலை மேல் மேகம் கவிழ்த்து மூடிவிட்டது. எனக்கு எண் இல்லை. அண்ணன் 6.7. அங்கே தெரிந்ததாம். பக்கத்து ஊர்தான், ஆனாலும் அதிர்ஷ்டம்.

கேஸ்கட் சைஸ் தப்பு. நாளை மாற்றணும்.

பிப். 12, வியாழன்

முதலில் பைனாகுலரில் தவறான நட்சத்திரத்தைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. அதுவேதான். வெடித்திருக்கிறது!

வெடிப்பு என்றால் உடைந்து சிதறவில்லை. உள்ளே எங்கோ அடைபட்டுக் கிடந்த வாயு பனி ஓட்டைப் பிளந்துகொண்டு தூசியையும் தள்ளியபடி வெளியே வந்துவிட்டது. தூசியில் வெயில் பட்டு மொத்தமாக ஒளிர்கிறது. பஞ்சுத் துணுக்கு இல்லை இப்போது, உருண்டையாக, ஓரம் கத்தரித்த மாதிரி. ஒளி 5.3. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் 5.3.

மதுரை சார் போனிலேயே குதிக்கிறார். கோவையில் 5.4, திருச்சியில் 5.2, எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அண்ணனிடம் முதலில் வெடித்ததைச் சொல்ல நினைத்தேன். விதி ஞாபகம் வந்து, "அனுப்பிட்டியாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பவே அனுப்பிட்டேன். 6.6."

"வித்தியாசமா ஒண்ணும் தெரியலையா?"

"வழக்கம் போலத்தான். லேசா கூடியிருக்கு."

மேகம் இருந்ததா என்றேன். துளிகூட இல்லையாம்.



பிப். 13, வெள்ளி

காலையிலேயே மதுரை சார் போன். "ஒங்க அண்ணன் நம்பர மட்டும் எடுத்துட்டேம்மா. சங்கடப்படாதீங்க." பிறகு, "கணிப்போட வச்சுப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். இன்றைக்கு இத்தனை ஒளி இருக்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே வெளியிடுவார்கள். அண்ணன் இந்த மாதம் அனுப்பிய எண் எல்லாம் அச்சு அசல் அதுதான். புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை. கண்ணால் பார்க்கிறவன் யாருக்கும் கணிப்போடு இப்படி ஒட்டாது. வெடிப்பு எந்தக் கணிப்பிலும் இல்லை. அன்றைக்கும் அவன் கணிப்பைத்தான் எழுதியிருக்கிறான்.

களவாணி. மாடிக்கே போகாமல் கட்டிலில் படுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறான். என்னிடமும் "ஒரே கண்ணு" என்று கதை. சாயந்தரம் நல்லா நாலு கேள்வி கேட்பதாக இருந்தேன்.

மத்தியானம் கம்பெனியில், பேக்கிங் மேசைக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் பெண்கள் பேச்சு. மகாராஜபுரம் பக்கத்துப் பெண்கள். விடியும் முன் இவர்களை ஏற்றிவருகிற கம்பெனி வேனை ஓட்டுவது அண்ணன்தான்.

"நேத்து நீ லீவு போட்டுட்ட. முன்சீட்டுல யாரு உக்காரதுனு ஒரே அடிதடி."

"நான் சொன்னம்லா, வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வரணும். மாடு, சைக்கிள், பள்ளம். சொன்னா அண்ணன் அழகா ஓட்டுவாவ."

"பாலத்துக்கிட்ட ஒரு ஆடு. சாமி, நான் கண்ண மூடிட்டேன்."

சிரித்தார்கள். அவன் மாடிக்குப் போயிருக்கிறான். பார்த்தும் இருக்கிறான். தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாயந்தரம் போன் செய்யவில்லை.

பிப். 14, சனி

முத்துமாரியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிறவள் அவள்தான். முதலில் மழுப்பினாள். பிறகு கோபம்.

"பஸ்ஸுல வந்தா ஷிப்டுக்கு வந்து சேர முடியாது மேடம். புது டிரைவர் வந்தா வாசல்ல வந்து ஹாரன் அடிப்பானா? எங்க வீட்ல கைப்பிள்ள இருக்கு, அண்ணன் எனக்காகச் செத்த நேரம் நிப்பாவ. அவியளுக்கு ராத்திரி கொஞ்சம் மங்கல், அம்புட்டுதான். பகல்ல ராசா மாதிரி ஓட்டுவாவ."

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னால இருந்தே."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்குத்தான் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. தினமும் போன் போட்டு நான் கேட்டது வால்மீனைப் பற்றி மட்டும்.

இவரிடம் சொன்னேன். "ஆபீஸ்ல சொல்லிராத. ஒங்க அண்ணன் பொழப்புல மண்ணப் போட்டவனு ஊரு சொல்லும்" என்றார். இரண்டு நிமிடம் கழித்து அவரே, "சொல்லாம இருந்தா நாளைக்கு ஒண்ணுனா அதையும் ஊரு சொல்லும்" என்றார். இந்த மனுஷனிடம் யோசனை கேட்டதற்கு அம்மிக்கல்லிடம் கேட்டிருக்கலாம்.

பிப். 15, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஆராதனை முடிந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர். மதினி மீன்குழம்பு. சாயந்தரம் அண்ணனை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனேன். வெளிச்சம் இல்லாத இடம், சேர்ந்து பார்ப்போம் என்று சாக்கு. வனத்துறை செக்போஸ்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

நான் செய்தது நல்ல காரியம் இல்லை. ஸ்டாண்டில் பைனாகுலரை மாட்டி வால்மீனைப் பிடித்தேன். 5.6, தூசி பரவிப் பரவி மங்கத் தொடங்கிவிட்டது. பிறகு பைனாகுலரை வேண்டுமென்றே தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்துக்குத் திருப்பிவைத்துவிட்டு, "வா, பாரு" என்றேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தான். "அடேயப்பா! நல்லா உருண்டையால்லா இருக்கு. வாலுகூட லேசா தெரியுது."

அடித்தது மாதிரி இருந்தது. என்மேலும் அவன்மேலும் ஒரே நேரத்தில் ஆத்திரம்.

"அங்க ஒண்ணுமே இல்லண்ணே."

அவன் நிமிரவில்லை. பைனாகுலரிலேயே முகத்தை வைத்திருந்தான். பிறகு சொன்னான்: "சரி. வால்மீன் தெரியல. ரோடு தெரியுது."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனா என்ன சொல்லுவாவனு தெரியும். அதான் போகல."

"பொறவு எதுக்குப் பொய் நம்பர் அனுப்பின?"

"நீ போன் பண்ணுவியே. பாத்தியாண்ணே, எம்புட்டு இருக்குனு கேப்ப. தெரியலைனு சொன்னா அப்புறம் எதுக்கு எனக்குப் போன் போடப்போற?"

அழுதுவிட்டேன். அவன் அழவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் வருவதாக அம்மாமேல் ஆணை வைத்தான். அதுவரை ஓட்டவிடச் சொன்னான். நான், மட்டி, சரி என்றேன்.

பிப். 16, திங்கள்

வெயில். ஆறு இஞ்ச் ரோல் கணக்கு இன்னும் உதைக்கிறது.

மானேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். "என்னம்மா, எதுவும் வேணுமா?" என்றார். டேப் தீர்ந்துவிட்டது என்றேன். டேப் தீரவில்லை.

நாளை மாசி அமாவாசை. "சதுரகிரிக்கு இப்பவே சனம் நடக்க ஆரம்பிச்சிருச்சு, ரோடெல்லாம் ஆளு" என்று யாரோ கேன்டீனில். அதைக் கேட்டபின் என்னால் உட்கார முடியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு நாளை நானும் வேனில் வருகிறேன் என்றேன். "வா. இதுக்கெல்லாம் கேக்கணுமா, வண்டி ஒனக்கும்தான்" என்றான். குரல் சரியில்லை.

இரவு அவன் வீட்டில். மதினிக்குத் தெரியும்போல. ரசத்தை ஊற்றிவிட்டு டம்ளரை அவன் கையருகே வைத்து, விரலால் ஒரு தட்டு. அவன் சத்தத்தைப் பிடித்து எடுத்துக்கொள்கிறான்.

வால்மீனைப் பார்க்கவில்லை. இந்த மாதத்தில் வானம் சுத்தமாக இருந்தும் பார்க்காத முதல் நாள்.

பிப். 17, செவ்வாய். அமாவாசை

கம்பெனி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

இருட்டிலேயே கிளம்பினோம். மகாராஜபுரம்வரை காலி ரோடு. நான் சொல்லச் சொல்ல ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான், அதுதான் பயமாக இருந்தது. பெண்கள் ஏறினார்கள். முத்துமாரி என்னை நகரச் சொல்லி நடுவில் உட்கார்ந்துகொண்டு, பாட்டுப் பாடுகிறவள் மாதிரி, "எடப்பக்கம் ஆளு, ஆளு, சைக்கிள்ணே, பள்ளம்" என்று தொடங்கினாள். பின்னால் பூ கட்டுகிறார்கள், சீரியல் கதை பேசுகிறார்கள். யாருக்கும் இது அதிசயமாகத் தெரியவில்லை.

எதிரே சதுரகிரிக்கு நடக்கிற கூட்டம். துண்டு, பை, வெறுங்கால். பின்னாலிருந்து யாரோ பூ நீட்ட, முத்துமாரி வாங்கத் திரும்பினாள். அவ்வளவு நேரம்தான். தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தர், விளக்கு வெளிச்சத்துக்கு நேர் நடுவில். எனக்குத் தெரிகிறது. அண்ணன் கால் பிரேக்குக்குப் போகவில்லை. நான் கத்தியது என் குரல் மாதிரியே இல்லை.

படவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், படவில்லை. அந்த மனிதர் பானட்டில் ஓங்கி அடித்து, "கண்ணு தெரியாத பயல எல்லாம் ஓட்ட விட்டா" என்று ஏசிவிட்டுப் போனார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

சாவியை எடுத்துவிட்டேன். மானேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், அண்ணன் காதுபடவே. வேறு டிரைவரை அனுப்புவதாகச் சொன்னார்.

பெண்கள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். "ஒரு நிமிசம் அயந்துட்டேன், அதுக்காக இப்படியா மேடம்? கூடப் பிறந்த பிறப்பா நீங்க?" என்றாள் முத்துமாரி. மற்றவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஷிப்டு போய்விடும் என்று ஒருத்தி அழுதாள்.

அண்ணன் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தான். டிரைவர் வர நேரமாகியது. பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையை நீட்டினான்.

"சாவியக் குடுட்டி. பாவம், இந்தப் பிள்ளைக எம்புட்டு நேரம் நிக்கும்? இருட்டுலதான எனக்குத் தகராறு. விடியட்டும், வெளிச்சம் வந்தபொறவு நானே மெதுவா கொண்டுபோய்ச் சேத்துருதேன்."

விடிந்து நேரமாகியிருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செத்தவரின் வயதுவரை நான் நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டேன்.