வேம்பிலை கட்டின லவுட்ஸ்பீக்கர்

இஞ்சேருங்கோ,

புட்டு அடுப்படியிலை மூடியிருக்கு. உங்கடை கோயில் வேட்டி கொடியிலை காயுது. எனக்குக் கிளினிக்கிலை அரைநாள் வேலைதான், ரெண்டு மணிக்கு வந்திடுவன்.

பின்னேரம் நாலு மணிக்கு ஒன்லைனிலை என்ரை தாதியர் கலாநிதிப் படிப்பின்ரை கடைசி வாய்மொழிப் பரீட்சை. நீரிழிவுக்காரரின்ரை கால் புண்ணைப் பற்றி மூண்டு வருசம் எழுதினதை ஒரு மணித்தியாலத்திலை சொல்லவேணும். திருவிழாவுக்கெண்டு எங்கடை வேப்பமரத்திலை கட்டின லவுட்ஸ்பீக்கர் என்ரை மேசையைப் பாத்துக்கொண்டு நிக்குது. கட்டேக்கை ஏணி பிடிச்சது நீங்கள்.

நாலிலையிருந்து அஞ்சு மட்டும் அதை நிப்பாட்டி வையுங்கோ. செயலாளரைக் கேக்கவேணும் எண்டு சொல்லாதேங்கோ, கோயில் செயலாளரும் நீங்கள்தான். முருகன் ஒரு மணித்தியாலம் பொறுப்பார். நான் மூண்டு நாளாய் உங்களோடை கதைக்காமல் பொறுத்திருக்கிறன்.

தயாளினி

பி.கு: குழம்பிலை உப்புக் குறைவு. உங்கடை பிறசருக்காகத்தான், கோவத்திலை இல்லை.

இன்னொண்டு: போன கிழமை ஒன்லைன் வகுப்பிலை நாதஸ்வரச் சத்தம் கேட்டிட்டு, வீட்டிலை கலியாணமோ எண்டு பேராசிரியை விசாரிச்சவ. ஓம், என்ரை மனுசனுக்கு எண்டு சொன்னன். உங்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னவ.