முகமில்லாதவரின் குரல்

2008 ஜூலை 7, திங்கள்

தூறல். இன்று முதல் இரண்டு கிழமை பாடசாலை இல்லை, வேலை அனுபவம். பார்ப்பதையும் கேட்பதையும் கூட்டாமல் குறைக்காமல் இதில் எழுதப்போகிறேன். தமிழில் எழுதினால் வகுப்பில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

மற்றப் பிள்ளைகளுக்கு மருந்துக்கடை, நூலகம். எனக்கு ஆவணப்பட இயக்குநர் லின்! வியட்நாமில் பிறந்து, சிறுவயதில் படகில் தப்பி, அமெரிக்காவில் வளர்ந்தவர். இப்போது லண்டனில், இலங்கைத் தமிழரைப் பற்றி நான்காவது படம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் நான்.

எடிட்டிங் அறை ஒரு கோழிக்கடைக்கு மேலே. ஜன்னல் இல்லை. இரண்டு திரை, கழுவாத கோப்பைகள், பொரித்த எண்ணெய் வாசம். "லின் அன்ரி" என்றேன். "அவ்வளவு வயதாகிவிட்டதா எனக்கு?" என்று சிரித்தார். நகம் கடிக்கிற பழக்கம்.

ஜூலை 9, புதன்

லின்னின் முதல் படம் பார்த்தேன். டெக்சஸில் இறால் படகில் வேலை செய்யும் அவருடைய தகப்பன். விருது வாங்கிய படம். நடுவில் ஒரு பெண் நிழலில் இருந்து பேசுகிறார். வியட்நாமில் இருக்கும் லின்னின் பெரியம்மாவாம். முகம் தெரியாது.

"அவர் இப்போது எங்கே?"

லின் படத்தை நிறுத்தினார். "குரலை வைத்து அங்கே போலீஸ் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அதன்பிறகு எங்கள் போனை எடுப்பதே இல்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. ஆனால் அந்தப் படத்தால்தான் எனக்கு அடுத்த படம் கிடைத்தது."

மதியம் சிப்ஸ்.

ஜூலை 10, வியாழன்

மழை. மொழிபெயர்க்கப் புதிய காட்சி. கதிரையில் அமர்ந்திருக்கும் கறுப்பு உருவம், பின்னால் வெளிச்சம். பெயர் சொல்லாமல் பாதிரியார் கூட்டிவந்த ஆள் என்றார் லின். ஹெட்போன் போட்டேன்.

"எங்கட அண்ணையை மன்னாரில, வீட்டு வாசல்ல வச்சுத்தான் வெள்ளை வானுக்குள்ள ஏத்தினவங்கள்..."

அப்பா.

ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கோயிலில், தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிற அப்பா. லண்டனில் கிங்ஸ்பரி, எட்மண்டன், எங்கிருந்து பூசைக்கு வருபவருக்கும் அந்தக் குரல் தெரியும். முகத்தை மறைத்தால் போதுமென்று நினைத்திருக்கிறார்! பெரியப்பாவின் முழுப்பெயரையும் சொல்கிறார். சித்தப்பாவும் பிள்ளைகளும் இன்னும் மன்னாரில் அதே வீட்டில்; பெரியப்பாவைக் கொண்டுபோனவர்களுக்கு வழி தெரியும்.

இது அப்பா, குரலை எல்லோருக்கும் தெரியும் என்று லின்னிடம் சொன்னேன். மேலே ஆங்கிலக் குரல் வரும், அப்பாவுடையது அடியில் மெதுவாகத்தான் கேட்கும் என்றார். மெதுவாகக் கேட்டாலே போதும் என்றேன். "இந்தக் குரல் இல்லாவிட்டால் என் படமே இல்லை." சனிக்கிழமை முதல் காட்சி. எங்கள் கோயில் மண்டபத்தில்.

ஜூலை 11, வெள்ளி

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கத்தினா.

"உங்களுக்கென்ன விசரே? அங்க உங்கட தம்பி குஞ்சு குருமனோட இருக்கிறான்."

"முகம் காட்டமாட்டன் எண்டு அந்த மனுசி சொன்னவா."

"முகம் ஆருக்கு வேணும்? நீங்கள் தும்மினாலே கிங்ஸ்பரிக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

சித்தப்பாவுக்குப் போன். "ஓம் அண்ணை, சுகமா இருக்கிறம்." கொஞ்ச நேரம் பொறுத்து: "முந்தநாள் ரெண்டு பேர் வந்து, லண்டனில ஆர் இருக்கினம் எண்டு கேட்டவை. சும்மா பதிவுக்காம்." அதோடு லைன் அறுந்தது. திரும்ப எடுத்தோம். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

பிரெஞ்சு வீட்டுப்பாடம் செய்யவில்லை.

ஜூலை 12, சனி

மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டார்கள். சுடச்சுடப் பற்றிஸ், தேத்தண்ணி, சத்தம். மண்டபப் பொறுப்பாளர் மரியதாஸ் அங்கிள் அப்பாவின் முதுகில் தட்டி, "என்ன அருள், கோட்டெல்லாம்? நீரும் படத்தில வாறீரோ?" அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பின்வரிசையில் யாருக்கும் தெரியாத ஒருவர். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: "நீங்கள் ஊரில எவடம்?" என்னிடமும். லண்டன் என்றேன்.

"அது இப்ப. அப்பா எவடம்?"

தெரியாது என்றேன்.

லின் வந்தார். கண் சிவந்து, உடுப்பு கசங்கி. எங்கள் முன்னால் குந்தி, பையில் இருந்து இரண்டு டிஸ்க் எடுத்தார். அப்பா ஊரில் இருந்து ஜெர்மனிக்குப் போய், பிறகுதான் லண்டன் வந்தவர், ஆங்கிலம் மட்டுமட்டு. நடுவில் நான்.

"ஒன்றில் உங்கள் குரல் இருக்கிறது. மற்றதில் குரலும் இல்லை, அண்ணனின் பெயரும் இல்லை, எழுத்து மட்டும். எதைப் போடட்டும்? போனமுறை என் பெரியம்மாவிடம் நான் கேட்கவில்லை."

ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா யோசிக்கவே இல்லை. "குரலோடயே போடச் சொல்லு பிள்ளை. அண்ணையின்ர பேரை ரெண்டு வருசமா ஒருத்தரும் வாயால சொல்லேல்லை. நாலு பேர் கேக்கட்டும்."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டா.

லின் என்னைப் பார்த்தார். நான் பின்வரிசையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில், வேகமாகச் சொன்னேன்: "குரல் வேண்டாமாம். பெயரும் வேண்டாமாம்."

லின் அப்பாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அப்பாவும் அவருக்கு நன்றி சொன்னார். இருவருக்கும் கண் கலங்கியது. லின் ஒரு டிஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டு மற்றதோடு போகிறார்.

அப்பா கோட்டுப் பொத்தானைப் பூட்டி நிமிர்ந்து இருக்கிறார். "இப்ப கேளு" என்கிறார் என்னிடம். அந்த ஆள் எங்களுக்கு நேர் பின்னால் வந்து அமர்ந்துவிட்டார். லைட்டை அணைத்துவிட்டார்கள்.