கடைசி வண்டியில் வந்தவர்

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பொங்கலுக்கு வந்திருந்த வினோலியா இன்று மதிய ரயிலில் சென்னைக்குத் திரும்பினாள். போகும் முன் தன் பழைய வீடியோ கேம் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்து, வயர்களை மாட்டி, கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஓய்வு பெற்ற நிருபருக்கு மகள் கொடுத்த வேலை.

அவளும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். கதை அவளுடையது. முடியும் தறுவாயில் நான் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். அதற்குள் வேறு யாராவது செய்த இரண்டையாவது முழுக்க முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"சினிமாவே பாக்காதவர்கிட்ட சினிமா எப்படி இருக்குன்னு கேக்க முடியுமாப்பா? மொதல்ல வெளாடிப் பழகுங்க."

மற்றவர்களிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். எல்லோரும் சூப்பர் என்கிறார்களாம். "நீங்க சும்மா சூப்பர்னு சொல்ல மாட்டீங்கள்ல. அதான்."

அவள் அம்மா செபாஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "இம்புட்டு நாளா ஊர் வம்பு. இனிமே பொம்ம வெளாட்டு. நடக்கட்டும்."

ஜனவரி 30

முதல் கேமை முடித்தேன். பனிமலையில் ஒரு தபால்காரர். ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் பள்ளத்தில் விழுவதே முழுநேர வேலையாக இருந்தது. எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கவும் முடியாது. அது எனக்குப் பெரிய எரிச்சல்.

ஒரு பொத்தானை அழுத்தினால் தபால்காரர் பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் ஒன்றும் நடப்பதில்லை. மலையும் மேகமும் தெரிகின்றன, அவ்வளவுதான். எதற்கு இந்தப் பொத்தான் என்று புரியாமல் நான் அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தேன். பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள்தான், "அந்தாளச் செத்த நேரம் உக்கார விடுங்களேன்" என்றாள். உட்கார வைத்தேன். அவள் பூண்டை விட்டுவிட்டு மலையைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12

இரண்டாவது, துப்பறியும் கேம். மீனவர் குப்பம் ஒன்றில் ஒரு கொலை. ஒவ்வொருவராக விசாரித்துக் கடைசியில் ஒருவரைக் கைகாட்ட வேண்டும். இது என் தொழில் அல்லவா? நம்பிக்கையோடு உட்கார்ந்தேன்.

படகுக்காரன்தான் செய்தான் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சாட்சி ஒருத்தி மட்டும்தான். இன்னொரு வாயிலிருந்து அதே விஷயம் வராமல் நான் யார் பெயரையும் எழுதியதில்லை. காத்திருந்தேன். திரும்பத் திரும்ப எல்லோரையும் கேட்டேன். அதற்குள் படகு கிளம்பி, கொலைகாரன் போயே போய்விட்டான். 'வழக்கு முடிவுறாமல் கிடக்கிறது' என்று எழுத்து ஓடியது.

வினோலியாவுக்குப் போன் செய்து, கேமில் கோளாறு என்றேன். சிரித்தாள். "அந்தம்மா சொன்னத நம்பியிருக்கலாம்லப்பா?"

ஒருத்தி சொன்னதை வைத்து எப்படி நம்புவது?

பிப்ரவரி 14

கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. வெளியில் காரணம் சொல்ல முடியாத காயம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவளுடைய கேமை அனுப்பிவிட்டாள். இன்னும் வெளியிடவில்லை. பார்ப்பதற்கு மட்டும். கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவன், சாயங்காலம்தான் எழுந்தேன். செபாஸ்தியம்மாள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று.

ஊர் பெயரை எங்கும் போடவில்லை. ஆனால் அது குஜிலியம்பாறைதான். செபாஸ்தியம்மாள் அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருந்த காலம். நான் திண்டுக்கல் ஆபீசிலிருந்து போய்வந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். அன்று அவளுக்குப் புதுநன்மை. முதன்முறை நற்கருணை வாங்கிய நாள். அப்பா ஒரு தீ விபத்துச் செய்திக்குப் போய்விட்டதால் கோயிலுக்கு வரவில்லை. சாயங்காலம் வருவார் என்று பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறாள். நாம்தான் அந்தப் பெண். டீக்கடைக்காரர், பூக்காரம்மா, கடலை வண்டிக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். ஆளுக்கொரு பதில். "ஒங்கப்பனா? பேனாவக் கடிச்சுக்கிட்டே போவாரே, அவருதான?" என்கிறார் டீக்கடைக்காரர். நான் பேனாவைக் கடிப்பது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வண்டியாக வருகிறது, போகிறது. இருட்டுகிறது. கடைசி வண்டியில் அப்பா இறங்குகிறார். சட்டையில் கரி, தலைமுடியில் பஞ்சு. அவள் மெழுகுவர்த்தியைப் பற்ற வைக்கிறாள். இருவரும் வீட்டுக்கு நடக்கிறார்கள். அங்கே கேம் மாறுகிறது. அதுவரை நாம் அந்தப் பெண்ணாக இருந்தோம். இப்போது அப்பா ஆகிவிடுகிறோம். காற்று வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினால் அப்பாவின் கை வந்து சுடரை மறைக்கிறது. வீடு வரும்வரை அணையவிடாமல் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கொண்டுபோனேன். ஒரு தடவைகூட அணையவில்லை. கண் கரித்தது. வெகுநேரம் திரையைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 25

கருத்து எழுதி அனுப்பினேன். ஆபீசில் எழுதுவதுபோலவே, சுருக்கமாக.

இருட்டிய பிறகு அந்தப் பாதையில் அப்போது வண்டியே கிடையாது. பஞ்சில் பிடித்த தீ ஒரு நாளில் அடங்காது. மறுநாளும் உள்ளுக்குள் புகையும். தொப்பம்பட்டி பக்கம் பஞ்சு குடோன் எரிந்த அன்று நான் நடுவில் கிளம்பி வந்திருக்க வழியே இல்லை. பழனியிலிருந்து போனில் செய்தி கொடுத்துவிட்டு, மறுநாள் காலைதான் வந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்விட்டாய். ஆகவே கடைசிக் காட்சி நடக்காதது. மற்றதெல்லாம் இவ்வளவு சரியாக இருக்கும்போது இது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. எடுத்துவிடலாம்.

'டீக்கடைக்காரர் பேச்சு அருமை' என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். அது என்னைப் பற்றிய வரி, தற்பெருமைபோல் இருந்தது.

பிப்ரவரி 26

"சரிப்பா. பாக்குறேன்" என்று மட்டும் பதில் வந்தது. திருத்தம் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்களோடுதான் காலம் முழுக்க வேலை பார்த்தேன். இவள் நல்ல பிள்ளை.

மார்ச் 30

வினோலியா இந்த மாதம் அதிகம் பேசவில்லை. வேலை. செபாஸ்தியம்மாள், குரலே சரியில்லை என்கிறாள். இவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

மே 17, சனி

நேற்று கேம் வெளியாகிவிட்டது. டிவியைப் போட்டு, செபாஸ்தியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடினேன். ஊரைப் பார்த்ததும் அவள் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வியைக் கூப்பிடப் போனாள். முடியட்டும், அப்புறம் கூப்பிடு என்றேன். "ஐயோ, அந்தப் பூமுடி நான் கட்டுனதுங்க" என்றாள். பூக்காரம்மாவைப் பார்த்து, இவளுக்குத்தான் நான் இன்னும் பாக்கி என்று சிரித்தாள்.

கடைசி வண்டி வந்தது. ஒரு கிழவர் இறங்கினார். கோழிக்கூடையோடு ஒரு பெண் இறங்கினாள். கதவு மூடியது. வண்டி போய்விட்டது.

நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணை விட்டால் யாரும் இல்லை. இரண்டு வழிதான்: 'வீட்டுக்குப் போ', 'இன்னும் இரு'. 'இன்னும் இரு' என்பதை அழுத்தினேன். நின்றாள். மறுபடியும் அழுத்தினேன். நின்றாள். டீக்கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். சோற்றை எடுத்து வைத்துவிட்டு செபாஸ்தியம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வருவார் என்று — எதை வைத்து நினைத்தேன்? எடுக்கச் சொன்னவனே நான்தானே?

கடைசியில் 'வீட்டுக்குப் போ' என்பதை அழுத்தினேன். மெழுகுவர்த்தியைப் பற்ற வைக்காமலே நடந்தாள். முடிந்தது.

முன்பு வேறு மாதிரி இருந்தது, அப்பா வருவார், அது தவறு என்று நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். செபாஸ்தியம்மாள் தட்டைக் கழுவிவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி சொன்னாள்: "அவ ஒங்கள வர வச்சிருந்தாள்ல. 'நான் வரல'ன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

மே 18, ஞாயிறு

அவளிடம் பேசினேன். கேம் நன்றாக இருக்கிறது என்றேன். சூப்பர் என்றுகூடச் சொன்னேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"கடைசில எம்புட்டு நேரம் நின்னீங்க?" என்று கேட்டாள்.

"சோறு ஆறிப்போச்சு."

"வெளாண்டு பாத்தவங்க யாருமே அம்புட்டு நேரம் நிக்கலப்பா. ரெண்டு தடவ அழுத்திட்டு வீட்டுக்குப் போயிருவாங்க."

கேட்டுவிட்டேன். பழைய முடிவைத் திரும்ப வைக்க முடியுமா, பாப்பா?

வைக்க முடியுமாம். வெளியிட்ட பிறகும் மாற்றலாமாம். "ஆனா வேணாம்ப்பா. நீங்க எழுதுனதப் படிச்சதுக்கப்புறம் எனக்கே அந்த எடம் பொய்யாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. உக்காந்து உக்காந்து பாத்தேன். பழையபடி பாக்க முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. அம்மா மாத்திரை போடுகிறாளா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மே 27

பழனிக்குமார் போன் செய்தான். என்னிடம் வேலை பழகியவன். இப்போது பத்திரிகையில் ஞாயிறு பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறான். பாப்பாவின் கேமை எல்லோரும் பேசுகிறார்கள், அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை, நீங்களே ஒரு பத்தி எழுதுங்கண்ணே என்றான். சொந்த மகளைப் பற்றி நானே எழுதுவது முறையில்லை என்று மறுத்துவிட்டேன். முறை. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு முறை இருக்கிறது.

இணையத்தில் ஒருவர் எழுதியிருந்ததை அனுப்பியிருந்தான். 'அப்பா வராமலே போவதுதான் இதில் மிக உண்மையான இடம்' என்று இருந்தது. என் திருத்தத்துக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு. ரெண்டு தரம் படிச்சேன். மூணாந்தரம் படிக்க முடியல.

ஜூன் 8

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டியதை. சுடரை மறைத்துக்கொண்டு போனேன், அணையவிடவில்லை — அது மட்டும்தான் சொல்ல வேண்டும். செய்திக்கு முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! இதற்கு வரவில்லை. இப்போது சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் படும். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது சாட்சி.

ஜூன் 11

அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரிதான். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூன் 20

பனிமலைத் தபால்காரரை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். கடிதம் கொடுப்பதைவிட உட்காருவது அதிகம். செபாஸ்தியம்மாள் வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

வினோலியா காலையில் ஒரு படம் அனுப்பினாள். அடுத்து செய்யப்போகும் கேமுக்கு வரைந்ததாம். எங்கள் மொட்டை மாடி. கொடியில் துணி. ஒரு பெண் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு சேலையை உதறுகிறாள். பின்னால் சிறுமலை, அதற்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சிறுமலைப் பக்கம் சூரியன் எழத்தான் செய்யும். இறங்காது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'கிளிப்பைக் கவ்வியிருப்பது அப்படியே உன் அம்மா' என்று எழுதி அனுப்பினேன். மெய்தான். செபாஸ்தியம்மாளிடம் காட்டினேன், நான் எப்போது இவ்வளவு ஒல்லியாக இருந்தேன் என்றாள்.

"வேற ஒண்ணும் இல்லையாப்பா?" என்று வந்தது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்லலாம். சொன்னால், மேலே சொன்னதையும் நம்ப மாட்டாள். சும்மா சூப்பர் என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன் ஆகிவிடுவேன். எழுதினேன்: 'சூரியன் அந்தப் பக்கம் இறங்காது.'

உடனே பதில் வந்தது. "தெரியும்ப்பா. அங்கேயே எறங்கட்டும்."

சரி என்று அனுப்பினேன்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். சூரியன் எப்போதும்போல் எதிர்ப்பக்கம்தான் இறங்கியது. கொடியில் துணி மிச்சமில்லாமல் எடுத்த பிறகும், சிறுமலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.