டுவெய்ன் கழித்துப் போட்ட குழாய்கள்

தெற்கு டகோட்டா,
மே மாதம், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி லைலுக்கு,

அண்ணி நோரீன் எழுதுவது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். நீயும் அந்த அரிசோனா வெயிலில் காய்ந்து கருகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயப்படாதே. யாரும் சாகவில்லை. ஆனால் இப்படியே போனால் உன் அண்ணன் டுவெய்னை நானே ஏதாவது செய்துவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு ஃபார்கோவிலிருந்து வந்த எங்கள் கார்லா, அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ஊருக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் கட்டிக் குடுத்தீங்களே, எனக்கு ஒண்ணு கட்டித் தர மாட்டீங்களா? ஆகஸ்டுல ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு அதுலதான் போவேன்"னு கேட்டாள். அவ்வளவுதான். மறுநாளே கராஜுக்குள் போனவர்தான். பனி போய், சேறு போய், இப்போது சோளமே முளைத்துவிட்டது. வண்டிக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்குமே, அந்த பிரேம் மட்டும் முளைக்கவில்லை.

செய்கிற வேலை எல்லாம் ஒன்றே ஒன்றுதான். குழாயின் நுனியை மீன் வாய் மாதிரி குடைகிறார். ஒரு குழாய் இன்னொரு குழாயின் முதுகில் இடைவெளி இல்லாமல் போய் உட்கார வேண்டும் இல்லையா, அதற்கு. உனக்குத் தெரியாததா. குழாயை வைஸ் இடுக்கியில் இறுக்குகிறார், வட்ட ரம்பத்தை இறக்குகிறார், கிரீச் என்று ஒரு சத்தம், கோழிகள் முட்டையிடுவதையே மறந்துவிட்டன. அப்புறம் அரத்தால் ராவுகிறார். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார். "சரியில்ல"ன்னு சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தொட்டியில் எறிகிறார். அடுத்த குழாய்.

இரும்புத் தூள் எங்கே இல்லை என்று கேள். காலுறையில், போர்வையில், பூனையின் முதுகில். என் கேக் தட்டு, அந்தப் பெரிய நீளத் தட்டு, அது இப்போது ரம்பத்துக்கு அடியில் எண்ணெயும் தூளும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்ச்சில் விருந்து வந்தது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோக வேண்டும். நான் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்ததை சூப் குண்டானில் தூக்கிக்கொண்டு போனேன். ஊரே என் குண்டானைப் பார்த்தது. அது போதாதென்று பக்கத்துப் பண்ணை கோர்டி ஒரு வாய் வைத்துவிட்டுப் பல்லிலிருந்து ஒரு சுருள் தூளை எடுத்துக் காட்டி, "நோரீன் அக்கா, இதுல இரும்புச் சத்து கொஞ்சம் தூக்கலா இருக்கே"ன்னான். பாதிரியார் வரைக்கும் சிரித்தார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

கோர்டி நல்லவன்தான். மறுவாரம் வந்து, "அண்ணே, குடைஞ்சது போதும், நான் வேணா வெல்டிங் வெச்சுத் தரட்டா?"ன்னு கேட்டான். உன் அண்ணன் நிமிரக்கூட இல்லை. "உன் மாட்டுக் கொட்டாய் கதவுக்கு நீ வெல்டிங் வெச்ச லட்சணத்த மாடே பாத்துட்டு வெளிய நடந்து போயிடுச்சேடா"ன்னு ஒரு போடு போட்டார். அவன் காப்பியைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டான்.

காப்பி என்றதும் ஒன்று. உன் அண்ணன் இப்போதெல்லாம் மூடி போட்ட டம்ளரில்தான் குடிக்கிறார். கேட்டால், "தூள் விழும்டி"ங்கிறார். சாப்பாட்டு மேஜையில் என்ன தூள்? அதுவும் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாதாம். வலது கையைப் பேசும்போதெல்லாம் மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். டாக்டரிடம் போவோம் என்றால், "குளுருக்கு நடுங்குது, அதுக்கு ஒரு டாக்டரா"ங்கிறார். மே மாதம், தம்பி. கோழிகளே நிழலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவர் கோழித் தீவனம் வாங்க டவுனுக்குப் போனார். என் கேக் தட்டை மீட்கலாம் என்று கராஜுக்குள் போனேன். தொட்டி நிறைய கழித்துப் போட்ட குழாய்கள். தக்காளிச் செடிக்கு ஊன்ற நல்ல கம்பாச்சே என்று கையில் எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். பெஞ்சில் அந்தத் தடித்த குழாய் கிடந்தது. அதன் முதுகில் இதை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்த வேலைதானே? அவர் பிடிப்பார், நான் எதிர்ப்பக்கம் குனிந்து இடுக்கைப் பார்த்தபடி நிற்பேன். "நோரீன், வெளிச்சம் தெரியுதா பாரு"ம்பார். "தெரியுது" என்றால் திட்டுவார், "தெரியல" என்றால் சிரிப்பார். இந்த வண்டிக்கு என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதை நினைத்தபடியே பார்த்தேன்.

துளி வெளிச்சம் தெரியவில்லை, லைல். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. பெருக்கல் குறி போட்ட குழாய் ஒவ்வொன்றும் பாலாடை மாதிரி போய் ஒட்டி உட்கார்ந்தது. பிரேமுக்கு வேண்டிய குழாய் அத்தனையும் அந்தத் தொட்டியிலேயே கிடக்கிறது.

அன்று சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். "ஏங்க, அந்தக் குழாயெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"வெளிச்சம் தெரியுது"ன்னார்.

"எங்க தெரியுது? நான் பாத்தேன்."

"எனக்குத் தெரியுது."

முள்கரண்டியைக் கீழே வைத்தார். அது தட்டில் பட்டு டகடக என்று ஆடியது. கையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "வண்டியோட கழுத்துக்கிட்ட, ஹேண்டில்பார் சேர்ற எடத்துல வர்ற வெல்டிங் நிக்கணும்டி. அதுல உக்காரப் போறது நம்ம புள்ள"ன்னார். எழுந்து கோழிகளை அடைக்கப் போனார். கோழிகளை நான் அப்போதே அடைத்திருந்தேன்.

குடையும்போது குழாயை வைஸ் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் வைக்கக் கைதான் வேண்டும். குடைந்து முடித்துவிட்டால் அடுத்தது வெல்டிங். அதனால் முடிக்கவே மாட்டேன் என்கிறார். கார்லாவிடம் முடியாது என்று சொல்லவும் மாட்டார். அவள் ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, எதுவரைக்கும் வந்துச்சு?"ன்னு கேட்கிறாள். "வருது, வருது"ங்கிறார். ஆகஸ்டும் வருகிறது.

உனக்கும் அவருக்கும் என்ன என்று நான் பேசக் கூடாதென்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். நன்றித் திருநாள் வான்கோழி விருந்தன்று அத்தனை பேர் முன்னால், அவர் வெல்டிங் வைத்த பன்றி ஏற்றும் வண்டியைக் காட்டி, "அண்ணே, இது வெல்டிங்கா, கோழி எச்சமா?"ன்னு கேட்டாய். அவர், "அரிசோனாவுக்கே போய்த் தொலைடா"ன்னார். நீயும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உடனே போனாய். இரண்டு பேருக்கும் அப்பன் மூக்கும் ஒன்று, அப்பன் வீம்பும் ஒன்று. அந்த வெல்டிங் நிஜமாகவே கோழி எச்சம்தான். உன் அண்ணன் அதற்கு முன்னால் அப்படி ஒரு வெல்டிங் வைத்து நீ பார்த்திருக்கிறாயா? அது ஏன் அப்படி இருந்தது என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வந்து உதவி செய் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் யார் யாரிடம் உதவி கேட்டார்கள்? கொடுத்த சாமானைத் திருப்பி வாங்கத்தான் வருவார்கள், வந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் ஒரு கை பிடிப்பார்கள். உன் வெல்டிங் முகமூடி இங்கேதான் இருக்கிறது. கோபத்தில் விட்டுவிட்டுப் போனாயே, அது. உனக்கு அது வேண்டியிருக்கும். வந்து எடுத்துக்கொண்டு போ.

நான் எழுதியதாகச் சொல்லாதே. வந்ததும் அவர் கையைப் பார்க்காதே, குழாயைப் பார். ஏதாவது குறை சொல், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார். அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீ வெல்டிங் வை. வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். வரும்போது ஒரு கேக் தட்டு வாங்கி வா. பழையது இனி எதற்கும் ஆகாது.

வழியில் பத்திரமாக வண்டி ஓட்டு. கடவுள் உன் கண்ணையும் உன் இரண்டு கையையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி நோரீன்.

பின்குறிப்பு: முகமூடி ஆணியில் மாட்டியிருக்கிறது. கராஜ் முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூள் படிந்து கிடக்க, அதன் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. துடைத்தது நான் இல்லை.